முள்ளை எடுக்காமல் ஒட்டிய பஞ்சர்

என் வீட்டுக்காரர் ஆபீசுக்குச் சைக்கிளில்தான் போவார். டிபன் டப்பாவுக்குக்கூட இடம் விடாமல் பையை அடைத்து வைத்திருப்பார். ஸ்பேர் ட்யூப், பஞ்சர் ஒட்டும் சாமான், ஸ்பேனர், கைப்பம்பு, பிரேக் கம்பி, போதாததற்கு ஒரு துண்டுச் செயின். ஆபீசில் அவருக்கு ‘நடமாடும் பட்டறை’ என்று பெயர். அதில் மனுஷனுக்குத் தலைகால் புரியாத பெருமை.

நேற்று அவருடைய அக்கா கடல் தாண்டி இருக்கும் மகன் வீட்டுக்கு ஒரேயடியாகக் கிளம்பினார். விமான நிலையத்துக்குப் போகிற பஸ் எங்கள் ஊரில் கால் மணி நேரம் நிற்கும். தாயில்லாத தம்பியை வளர்த்தவர் அவர். பார்வை நாளுக்கு நாள் மங்கிக்கொண்டே வருகிறது, போனில் முகம் காட்டினால் தெரிவதில்லை.

“கண்ணு இருக்கும்போதே உன் மூஞ்சியைப் பக்கத்துல ஒரு தடவை பாத்துக்கறேன்டா” என்று சொல்லியிருந்தார்.

சாயங்காலம் ஆளுக்கொரு சைக்கிளில் கிளம்பினோம். பாதி வழியில், நர்ஸ் உடுப்பில் ஒரு பெண் பஞ்சரான சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனாள். அவ்வளவுதான், இவர் இறங்கிவிட்டார்.

“பையை அவகிட்ட குடுத்துட்டு வாங்க. நாளைக்கு வாங்கிக்கலாம்” என்றேன்.

“அடுத்தவங்க கைக்குப் போனா உருப்படியா திரும்பி வராது. பத்து நிமிஷ வேலைடி.”

“நான் தள்ளிக்கிட்டே போயிடுவேன் சார், நீங்க கிளம்புங்க” என்று அந்தப் பெண்ணே கெஞ்சினாள். கேட்டால்தானே!

ஸ்பேர் ட்யூப் இவர் சக்கரத்து அளவு. அவளுடையது சின்னச் சக்கரம். வேறு வழியில்லாமல் ஓட்டையைத் தேடி, தேய்த்து, ஒட்டி, காற்றடித்து முடித்தார். அவள் ஏறி நாலு மிதி மிதித்திருப்பாள், மறுபடியும் புஸ். அவசரத்தில் டயரின் உள்பக்கத்தைத் தடவிப் பார்க்கவில்லை. குத்திய முள் அங்கேயே இருந்திருக்கிறது. அதைப் பிடுங்கிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து ஒட்ட உட்கார்ந்தார். ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிற ஆள்!

எனக்கு வந்த ஆத்திரத்தில் நடுத்தெருவிலேயே சண்டை பிடித்தேன். நானாவது முன்னால் போய் டிரைவரிடம் இரண்டு நிமிஷம் நிற்கச் சொல்லியிருக்கலாம். தோன்றவில்லையே, பாவி எனக்கு! வாய்க்கு இருந்த வேகம் காலுக்கு இல்லாமல் போய்விட்டது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பஸ் போய்விட்டிருந்தது. இவர் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி அசையாமல் நின்றார். என் போன் அடித்தது. அவர் கையெல்லாம் மசி, அதனால் நான்தான் ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்தேன்.

“தலையை வெளிய நீட்டிக்கிட்டே இருந்தேன்டா. வர்றவங்க போறவங்க எல்லாம் உன்னை மாதிரியே தெரிஞ்சாங்க” என்றார் அக்கா.

“தப்புப் பண்ணிட்டேன்க்கா.”

“விடுடா. ஒண்ணு கேக்கறேன். இப்ப மீசை வச்சிருக்கியா, எடுத்துட்டியா? சொன்னா நினைச்சுப் பாத்துக்குவேன்.”

இவர் மசிக் கையாலேயே மீசையைத் தடவிக்கொண்டார்.

“வச்சிருக்கேன்க்கா” என்றார். “நரைச்சிருச்சு.”