கிணற்றடி அத்தி

மூன்று வருஷமாக ஸம்றா அந்த மரத்தில் பூவைத் தேடினாள். ஒரு நாள்கூடத் தேடாமல் விட்டதில்லை.

கத்தாரில் லொறி ஓட்டும் அவள் புருஷன் பஸால், போன லீவில் வரும்போது ஈரத்துணியில் சுற்றி ஒரு கம்பு கொண்டுவந்தான். சொக்லட்டுக்கும் சவர்க்காரத்துக்கும் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்த சொந்தக்காரர்களுக்கு அந்தக் கம்பைப் பார்த்து முகம் தொங்கிப்போனது. “அத்தி” என்றான் பஸால். கல்முனையில் அந்தப் பெயர் தெரியாதவர் யார்? குர்ஆனில் ‘தீன்’ என்று வந்து, தொழுகையில் ஓதுகிற பெயர். நோன்பு வந்தால் கடைகளில் கயிற்றில் கோத்துத் தொங்கும், தட்டையாக, மண்ணிறமாக, காய்ந்துபோய். மரத்தில் அது எப்படி இருக்கும் என்று மட்டும் அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது.

கிணற்றடியில் நட்ட கம்பு மணலையும் உப்புக் காற்றையும் சட்டை செய்யாமல் ஆளுயரம் தாண்டியது. இலை ஒவ்வொன்றும் விரித்த கை அளவு. பஸால் போன் எடுத்தால் முதல் கேள்வி அதுதான்.

“பூத்திட்டா புள்ள?”

“இன்னும் இல்ல மச்சான்.”

அத்தி பூப்பது அபூர்வம் என்றுதானே ஊரே சொல்கிறது, பொறுக்கத்தான் வேண்டும் என்று அவளும் பொறுத்தாள். பூ வரவில்லை. வந்ததெல்லாம் கட்டிகள்தான். இலைக்காம்பின் இடுக்குகளில் கடலை அளவில், பச்சையாக, மொழுமொழுவென்று. பக்கத்து வளவு ஆயிஷா உம்மா பார்த்துவிட்டு மரத்துக்குச் சீக்கு என்றார். ஸம்றா சாம்பல் தூவினாள், வேப்பெண்ணெய் தெளித்தாள், கட்டிகளை ஒவ்வொன்றாகக் கிள்ளி எறிந்தாள். கிள்ளிய இடத்தில் பால் வடிந்து விரல் அரிக்கும். வீடியோவில் பஸாலுக்கு மரத்தைக் காட்டுவதற்கு முன் கை எட்டிய மட்டும் ஒன்றையும் மிச்சம் வைக்கமாட்டாள். கடல் தாண்டி இருக்கிற மனுஷனின் மனத்தை ஏன் நோகடிக்க வேண்டும்? மரமும் விடவில்லை. பத்தைக் கிள்ளினால் பதினைந்து கொண்டுவந்தது.

இந்த வெள்ளிக்கிழமை பஸால் வருகிறான். ஆயிஷா உம்மா மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று புத்தி சொன்னார். “சீக்கு ஒன்ட மாதுளைக்கும் தொத்திரும் மகள். அவன் வந்து பாக்கிறத்துக்கு முதல் வெட்டிப் போடு. பட்டுப்போச்செண்டு செல்லு.”

இரண்டு நாள் மனத்துக்குள் மல்லுக்கட்டிவிட்டு, புதன்கிழமை காலையில் ஸம்றா மரம் வெட்டும் ஜவுபர் காக்காவைக் கூப்பிட்டாள். அவர் கோடாலியோடு வந்து மரத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

“வடிவான மரம். மெய்யா வெட்டவா?”

“வெட்டுங்க காக்கா” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

முதல் வெட்டில் மரம் குலுங்கியது. உச்சிக் கிளையிலிருந்து ஓர் அணில் மதிலுக்குத் தாவி ஓடியது. அது தின்றுகொண்டிருந்த ஏதோ ஒன்று ஸம்றாவின் காலடியில் பொத்தென்று விழுந்தது.

ஊதா நிறம். தொட்டால் மெத்தென்றிருந்தது. அணில் கடித்த பக்கம் பிளந்து, உள்ளே சிவப்பாக, பொடி விதைகளோடு. மூக்கருகே கொண்டுபோனாள். தெரிந்த மணமாக இருந்தது. கடிக்காத பக்கத்தில் ஒரு துண்டு கிள்ளி வாயில் வைத்தாள். விதைகள் பல்லில் நறநறத்தன. நோன்பு திறக்கிற நேரத்து ருசி.

“காக்கா, நிப்பாட்டுங்க.”

இலைக்குப் பின்னால் அவள் கண்ணுக்குத் தப்பி, நெல்லிக்காய் அளவுக்கு வளர்ந்திருந்த ஒரு கட்டியைப் பறித்துக் கத்தியால் பிளந்தாள். உள்ளே நெருக்கமாக, வெள்ளை வெள்ளையாக, ஊசிமுனை அளவில் பூக்கள். மூன்று வருஷம் தேடிய பூ. அத்தனையையும் உள்ளே வைத்து மூடியிருந்தது மரம், வெளியே ஓர் இதழ்கூடக் காட்டாமல்.

“சுப்ஹானல்லாஹ்” என்று ஜவுபர் காக்கா கோடாலியைக் கீழே வைத்தார்.

ஸம்றா பிளந்த கட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எத்தனை நூறு கிள்ளியிருப்பாள்! அத்தனைக்கும் பிறகு, சலிக்காமல், கோபிக்காமல், மறுபடி மறுபடி கொண்டுவந்து நீட்டியிருக்கிறது. இப்படி ஒரு பொறுமையை அவள் மனிதரில் கண்டதில்லை.

வெள்ளிக்கிழமை பஸால் பெட்டியை வாசலில் போட்டுவிட்டு நேரே கிணற்றடிக்குத்தான் போனான். கோடாலி பட்ட இடத்தில் பால் காய்ந்து கறுத்திருந்தது. ஸம்றா ஒன்றையும் மறைக்கவில்லை. கட்டி, சாம்பல், கோடாலி எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லிவிட்டு, கோப்பையில் மூடிவைத்திருந்த பாதிப் பழத்தை நீட்டினாள்.

“அணில் கடிச்ச மிச்சம் மச்சான். மத்ததெல்லாத்தையும் நான்தான் கிள்ளிப் போட்டன்.”

பஸால் அதை வாயில் போட்டு நெடுநேரம் மென்றான். அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஒன்னில என்ன பிழ?” என்றான் கடைசியில். “மூணு வருஷமா நான் கேட்டது பூவத்தானே. காய்ச்சிட்டா எண்டு ஒரு நாளாவது கேட்டனா?”

தாழ்ந்த கிளையில் ஓர் இலையை விலக்கினான். காம்பின் இடுக்கில் கடலை அளவில் இரண்டு புதிதாக முளைத்திருந்தன. பழக்க தோஷத்தில் ஸம்றாவின் விரல்கள் அங்கே போயின. சட்டென்று இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.