ஏழாம் வீட்டு வெல்வெட்டு

அக்தர் பானு பிச்சைக்குப் போக வேண்டியதாயிற்று. அதுவும் ஆம்பூரிலேயே பெரிய வீட்டில் இருந்துகொண்டு.

ஜெர்மன் சண்டையில் பட்டாளத்து பூட்ஸுக்குத் தோல் அனுப்பி அவள் புருஷன் காசை வாரிக் குவித்திருந்தார். மகள் பில்கிஸ் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். அந்த நேரம் பார்த்து வேலூரிலிருந்து சம்பந்தி ஹலீமா பீ வந்து இறங்கித் தங்கள் குடும்ப வழக்கத்தைச் சொன்னாள். பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் வளரும் ஏழு வீடுகளில் பழந்துணி வாங்கி, சதுரம் சதுரமாக வெட்டிச் சேர்த்து, பிறக்கப்போகும் குழந்தைக்கு ஒட்டுப்போர்வை தைக்க வேண்டும். பெண்ணைப் பெற்றவளே போய்க் கையேந்த வேண்டும்.

"காசு குடுத்து வாங்கினது ஆகாது சம்பந்தி. கேட்டு வாங்கினாத்தான் புள்ளைக்குக் கண்ணு படாது."

அக்தர் பானு தலையை ஆட்டிவைத்தாள். அந்த ஏழு வீடுகளும் தங்கள் தோல் மண்டிக் கூலிக்காரர்களுடையவை. அவர்களின் கந்தலா தன் பேரப்பிள்ளை மேல்? அவளுக்கு உடம்பு கூசியது. அன்று சாயங்காலமே, வேலூர் லாங் பஜாரில் வாங்கி வைத்திருந்த ஊதா வெல்வெட்டை எடுத்து உள்ளங்கை அகலத்துக்குத் துண்டு போட்டாள். புதுத்துணியை வெட்டிக் கந்தலாக்கும் சாமர்த்தியம் பணக்காரர்களுக்குத்தான் வரும். வேலைக்காரி பட்டம்மாள் மூலம் ஏழு வீடுகளுக்கும் வீட்டுக்கொன்று போயிற்று. நாளைக்கு வந்து கேட்கும்போது இதையே திருப்பிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

மறுநாள் திரை போட்ட வில்வண்டியில், திண்டில் சாய்ந்தபடி, இரண்டு சம்பந்திகளும் பிச்சைக்குப் புறப்பட்டார்கள்.

முதல் வீட்டில் அக்தர் பானு திரையை விலக்கிக் கையை நீட்டினாள். விழுந்தது தோல் பதனிடும் ஆவாரம்பட்டைக் கறை படிந்த பாவாடைக் கிழிசல். வெல்வெட்டு எங்கேயடி என்று கேட்க வாய் துடித்தது. பக்கத்தில் சம்பந்தி. இரண்டாம் வீட்டில் லுங்கித் துண்டு. மூன்றாம் வீட்டு வாசலில் ஒரு பொடியன் திரும்பி ஓடினான். அவன் கால்சட்டையின் பின்புறத்தில் ஊதா வெல்வெட்டு ஒட்டுப்போட்டிருந்தது. அக்தர் பானு பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ஹலீமா பீயோ ஒவ்வொரு கந்தலையும் கண்ணில் ஒற்றி மடியில் வைத்துக்கொண்டாள். "உங்களை பவுசுக்காரின்னு நெனச்சிருந்தேன் சம்பந்தி. இந்தப் பணிவு எங்க வீட்டுல எவளுக்கும் கிடையாது."

அக்தர் பானுவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கல்யாணம் ஆனதிலிருந்து அந்த வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வந்ததில்லை. அந்த வீட்டில் பில்கிஸ் தலைநிமிர்ந்து வாழ்வதும் அந்த வாயைப் பொறுத்துத்தான். துணியைச் சுருட்டிக்கொண்ட அத்தனை பேரையும் மனசார வாழ்த்தினாள். ஆறாம் வீட்டில் கையேந்தும்போது அவள் கண்கள்கூடக் கலங்கின.

ஏழாவது எல்லம்மாவின் வீடு. எல்லம்மா பொய் சொல்லத் தெரியாதவள். ஊரில் பாதித் தொல்லை இப்படிப்பட்டவர்களால்தான்.

"இந்தாங்க பீபிம்மா" என்று வெல்வெட்டுத் துண்டை இரண்டு கையாலும் நீட்டினாள். "நேத்து பட்டம்மாகிட்ட குடுத்தனுப்பினீங்களே, அதுதான். புள்ளைங்க கை படாம பரண் மேல வெச்சிருந்தேன்."

"இன்னா ஒளர்றே நீ" என்றாள் அக்தர் பானு.

"ஏழு வீட்டுக்கும் அனுப்பிச்சீங்களே பீபிம்மா. கேட்டா திருப்பிக் குடுக்கச் சொல்லி."

ஹலீமா பீ வெல்வெட்டை வாங்கித் தடவிப் பார்த்தாள். கோபப்பட்டிருந்தால் தேவலை. அவள் கோபப்படவில்லை.

"நல்ல சரக்கு. வீணாக்கக் கூடாது. சுத்திலும் கந்தலை வெச்சு, நட்ட நடுவுல இதைத் தைங்க சம்பந்தி. உங்க கையாலயே தைங்க."

ஆண் குழந்தை பிறந்தது. நாற்பதாம் நாள் விருந்துக்கு வேலூர்ச் சொந்தமெல்லாம் திரண்டு வந்தது. அழுக்குச் சதுரங்களுக்கு நடுவே ஊதா ஒன்று மட்டும் மினுக்கியது. பார்த்தவர்கள் எல்லாரும் அதைத்தான் கேட்டார்கள். கேட்டவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்து, எங்க சம்பந்தி வண்டி கட்டிக்கிட்டுப் பிச்சைக்குப் போன கதை தெரியுமா என்று ஹலீமா பீ ஆரம்பித்தாள்.

அக்தர் பானு ஷர்பத் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மாமியார் வீட்டில் எப்படிப் பிழைப்பது என்று பில்கிஸ் தெரிந்துகொண்டுவிட்டாள். கூடத்துச் சிரிப்பில் அவள் சிரிப்புதான் எல்லாவற்றையும்விடப் பலமாகக் கேட்டது.