பச்சைப் பொட்டு

மானுட குலம் சற்றே எழுந்து நிற்கட்டும். சென்னையில் ஒரு மென்பொருள் கம்பெனி, வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களின் விசுவாசத்தை அளக்கும் கருவியைக் கண்டுபிடித்துவிட்டது.

கருவி என்பது திரையில் பெயருக்குப் பக்கத்தில் எரியும் ஒரு பொட்டு. மவுஸ் அசைந்தால் பச்சை. அசையாவிட்டால் மஞ்சள். அடிக்கடி மஞ்சளானால் மூட்டை கட்டிக்கொண்டு சென்னைக்கு வந்துவிட வேண்டும். ஆபீசில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இந்த விதி கிடையாது.

"அவங்க என் கண்ணு முன்னாடி இருக்காங்கம்மா," என்றார் மேனேஜர் தேவசுந்தரம். பாளையங்கோட்டையில் பிறந்து, சென்னைக்குப் போய்ப் பேச்சை இஸ்திரி போட்டுக்கொண்டவர்.

"டீ குடிக்கப் போகும்போதுமா சார்?" என்றாள் ஆபிதா பானு.

சார் அதைக் கேள்வியாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

சங்கரன்கோவிலில் இருந்துகொண்டு கம்பெனியின் சிடுக்கான பிழைகளையெல்லாம் தீர்ப்பவள் ஆபிதா. விட்டத்தைப் பார்த்து யோசிப்பாள், காகிதத்தில் கிறுக்குவாள். அவள் யோசிக்கும் நேரமெல்லாம் மஞ்சள். ஓர் எச்சரிக்கை வந்தாயிற்று. அடுத்தது வந்தால் சென்னை. கணவன் ரியாஸின் விசைத்தறியும் மகள் அப்ராவின் பள்ளிக்கூடமும் இங்கே இருக்க, சென்னை என்றால் வேலைக்கு முழுக்கு.

அப்போதுதான் கடையநல்லூரில் மாமா மகளுக்குக் கல்யாணம் வந்தது. ஆபிதா முறையாக ஒரு வாரம் லீவு கேட்டாள். தேவசுந்தரமே கொடுத்தார். துண்டு ஆர்டர் நெருக்கியதால் ரியாஸ் போகவில்லை.

"லேப்டாப் ஓடட்டும். மவுஸைத் தறியில கட்டிவிடுங்க," என்றாள் கிளம்பும்போது.

"நீ கல்யாணத்துக்குப் போற. அது மட்டும் எதுக்கு வேலை பாக்கணும்?"

"அதுக்கு யாரும் லீவு குடுக்கலையே."

ஒயரில்லாத மவுஸ். நெய்து வரும் துண்டின்மேல் படும்படி ரியாஸ் அதைச் சட்டத்தில் கட்டினான். தறி கடகடவென்று அடித்தது. துண்டு நகர்ந்தது, மவுஸ், தானே பயணம் போவதாக நம்பியது. ஆபிதா கடையநல்லூரில் பிரியாணி சாப்பிட்டாள், சென்னையில் பச்சை. மருதாணி காயட்டுமென்று இரண்டு கையையும் விரித்து உட்கார்ந்திருந்தாள், அப்போதும் பச்சை.

திங்கட்கிழமை மொத்தக் கம்பெனியும் திரையில் கூடியது. முதலாளியும் வந்திருந்தார். தேவசுந்தரம் தொண்டையைச் செருமினார்.

"போன வாரம் இடத்தை விட்டு எழுந்திருக்காத ஒரே ஊழியர் ஆபிதா பானு. இதுக்குப் பேர்தான் அர்ப்பணிப்பு. பரிசு உண்டு. உங்க ரகசியத்தை எல்லாருக்கும் சொல்லுங்கம்மா."

"போன வாரம் நான் லீவு சார். நீங்கதான் குடுத்தீங்க."

இஸ்திரி கலைந்தது. "என்னம்மா சொல்லுத? அப்ப இங்கன பச்சையா எரிஞ்சது யாரு?"

ஆபிதா லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய்த் தறியைக் காட்டினாள். ரியாஸ் கேமராவுக்கு சலாம் வைத்தான்.

"இதான் சார். நல்லா உழைக்கும். யோசிக்கவே யோசிக்காது."

முதலாளி சிரித்தார். அதனால் எல்லாரும் சிரித்தார்கள். பிறகு அவர், "போன வாரம் பிழை எத்தனை தீர்ந்துச்சு?" என்று கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. ஒன்றும் தீர்ந்திருக்கவில்லை.

அன்றே பொட்டு ஒழிந்தது. இனி எங்கே உட்கார்ந்திருந்தாலும் முடித்த வேலைதான் கணக்கு, ஆபீஸ்காரர்களுக்கும் அப்படியே. பிழை தீர்க்கும் குழுவுக்கு ஆபிதா தலைவி, சங்கரன்கோவிலிலிருந்தே. நாடெங்கும் வீடுகளில் உட்கார்ந்திருந்த சகாக்கள் திரையிலேயே கைதட்டித் தீர்த்தார்கள்.

பரிசு கூரியரில் வந்தது. மவுஸ்தான். ஒயர் வைத்தது.