வட்டம் போடாத படம்

டப்ளினில் பதினோரு வருடமாக இருக்கும் நீலுக்கு ஒரு பைத்தியம் உண்டு. வாரம் முழுக்க ஒரு கம்பெனிக்கு மென்பொருள் எழுதுவான். சனிக்கிழமை வந்துவிட்டால் இணையத்தில் கிடைக்கும் விநோதங்களைப் பொறுக்கி எடுத்துத் தன் வலைப்பதிவில் போடுவான். பிரேசிலில் ஒருவர் ஒரே பிளாஸ்டிக் நாற்காலியை ஒன்பது வருடமாகத் தினம் ஒரு படம் எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறாராம். ஜப்பானில் ஒரு பெண்மணி லிஃப்ட் கதவு மூடும் சத்தங்களைச் சேகரிக்கிறாராம். இதெல்லாம் கிடைத்தால் நீலுக்கு அன்றைக்குச் சாப்பாடே வேண்டாம். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே எழுதுவான். கேலி இருக்கும், ஆனால் அது நாகரிகமான கேலி என்று அவனுக்கு ஒரு நினைப்பு.

தூரத்திலிருந்து பார்த்தால்தான் உலகம் வேடிக்கையாக இருக்கும் என்று ஒருமுறை அவன் எழுதியதை நிறையப் பேர் பாராட்டினார்கள். ஊரை விட்டுப் போனவனுக்கு நாளாக ஆகச் சொந்த ஊரும் அந்த வேடிக்கைகளில் ஒன்றாகிவிடும் என்பதை மட்டும் அவன் எழுதவில்லை. அது அவனுக்கே தெரியாதபோது எப்படி எழுதுவான்?

மூன்று வருடத்துக்கு முன்னால் பெங்களூர் ஆஸ்டின் டவுனிலிருக்கும் அம்மாவைப் பார்க்க வந்திருந்தான். சிவாஜிநகரில் துணி எடுத்துவிட்டு, நீலசந்திராவில் ஒரு நண்பனைப் பார்க்கப் போகும்போது ஆட்டோ நெரிசலில் மாட்டிக்கொண்டது. தெரு முனையில் ஒரு கண்ணீர் அஞ்சலி பேனர். மைக்கேல்ராஜ், வயது ஐம்பத்தெட்டு, இறைவனில் இளைப்பாறுகிறார். கட்டம் போட்ட சட்டை, கூச்சமான சிரிப்பு, பின்னால் நீல வானமும் வெள்ளைப் புறாக்களும். இடது தோளில் மட்டும் ஒரு கை. கைக்கு உடம்பு இல்லை. நாலு விரல், ஒரு மோதிரம், மணிக்கட்டில் கண்ணாடி வளையல், அதற்கப்புறம் வானம்.

நீல் ஆட்டோவில் உட்கார்ந்தபடியே படம் எடுத்தான். அன்று மாலையே அந்தக் கையைச் சுற்றிக் கொட்டையாக ஒரு சிவப்பு வட்டம் போட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் வைத்துப் பதிவேற்றினான். "யாருடைய கை?" என்பது தலைப்பு.

அது பற்றிக்கொண்டது. வேலையை விட்டுப் போகிறவனை விடாத மேனேஜர் என்று ஒருவன் எழுதினான். செத்தாலும் விடாத மாமியார் என்று இன்னொருவன். பெங்களூர் டிராஃபிக், சொர்க்கத்துக்குக்கூடச் சீக்கிரம் போக விடாது என்று மூன்றாமவன். எல்லோரும் நீல் போட்ட வட்டத்தோடேதான் எடுத்துப் போட்டார்கள். எந்த நாட்டிலிருந்து எவன் அனுப்பினாலும் அந்தச் சிவப்பு வட்டம் வந்தது. நீலுக்குப் பெருமை தாங்கவில்லை.

இந்த வருடம் அக்டோபரில் ஒரு மின்னஞ்சல் வந்தது.

"சார், நீங்க போட்ட படத்துல இருக்கிறது எங்க அப்பா. தோள்ல இருக்கிற கை எங்க அம்மாவோடது. நீங்க பெங்களூர்க்காரர்னு படிச்சேன். ஊருக்கு வந்தா ஒரு தடவை வீட்டுக்கு வாங்க. அம்மா உங்களைப் பார்க்கணும்னு சொல்றாங்க. ஜெனிஃபர், நீலசந்திரா."

அவ்வளவுதான். ஒரு வசவு இல்லை, வக்கீல் இல்லை, மிரட்டல் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பட்டது அவனுக்கு. மூன்று வருடமாக உலகத்தோடு சேர்ந்து யாருடைய கை என்று கேட்டுச் சிரித்தவன், அது நிஜமாகவே ஒருத்தியின் கையாக இருக்கும் என்று ஒரு நிமிடம்கூட நினைக்கவில்லை. வெட்கமாக இருந்தது.

கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வந்ததும் அம்மா பெர்னதெத்திடம் எல்லாவற்றையும் சொன்னான். அம்மா கிறிஸ்துமஸ் பலகாரமான கல்கல் சுட்டுக்கொண்டிருந்தாள். அடுப்பை அணைத்துவிட்டு முழுவதையும் கேட்டாள்.

"போய்ட்டு வாடா. திட்டினா வாங்கிக்கோ, பதில் பேசாதே. வெறுங்கையோட போகாதே" என்று ஒரு டப்பா கல்கலை மூடிக் கொடுத்தாள்.

புறப்படுவதற்கு முன் காலையில் அவன் ஒரு காரியம் செய்தான். வலைப்பதிவிலிருந்து அந்தப் பதிவை நீக்கினான். ஃபோனில் இருந்த மூலப் படத்தை அழித்தான். லேப்டாப்பில் இருந்ததை அழித்தான், இணையச் சேமிப்பில் இருந்ததை அழித்தான், கடைசியில் குப்பைத் தொட்டியையும் காலி செய்தான். நிரந்தரமாக அழிக்கவா என்று கேட்டது. ஆம் என்றான். பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டுக் கோயிலை விட்டு வெளியே வரும்போது உடம்பு லேசாக இருக்குமே, அப்படி இருந்தது. எல்லாவற்றையும் சுத்தமாகத் துடைத்துவிட்டேன் ஆன்ட்டி என்று சொல்லலாம். கொஞ்சமாவது தலை நிமிர்ந்து சொல்லலாம்.

வீடு இரண்டாவது மாடியில். செங்குத்தான படி. வாசலில் காகித நட்சத்திரம் தொங்கியது. ஜெனிஃபர் கதவைத் திறந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும், கழுத்தில் ஆஃபீஸ் அட்டை. உள்ளே அவள் அம்மா ரோஸி நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். கார்மென்ட்ஸில் தையல் வேலை செய்பவள். அவன் கண் தானாக அவள் கைக்குப் போனது. மோதிரம் அதேதான், வளையல் இல்லை.

"உக்காரு தம்பி. இங்க எங்க, யார் வீடு?"

சொன்னான். "தெரியும், டீச்சரம்மா வீடு" என்றாள். காப்பி வந்தது. நீல் கல்கல் டப்பாவை நீட்டினான், காப்பியைத் தொடவில்லை.

"ஆன்ட்டி, நான் பண்ணது பெரிய தப்பு. மன்னிச்சிருங்க. யாரோ என்னமோன்னு நெனச்சு விளையாட்டா போட்டேன்."

ரோஸி தலையாட்டினாள். கோபம் இருந்ததா என்று முகத்தில் தெரியவில்லை.

"மொதல்ல கோவம்தான். இவ காட்டினப்போ ரெண்டு நாள் சாப்பிடல. அப்புறம் பழகிப்போச்சு" என்றாள். பிறகு மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தாள்.

மைக்கேல்ராஜ் கோலார் தங்க வயலில் சுரங்கத்தில் இருந்தவர். சுரங்கம் மூடியதும் தினம் ரயிலேறி வந்து பெங்களூரில் செக்யூரிட்டி வேலை பார்த்தார். பிறகு இங்கேயே குடிவந்தார்கள். நுரையீரல் கெட்டுப்போய் இறந்தார். பேனருக்குப் படம் வேண்டும் என்றபோது வீட்டில் இருந்தது ஒன்றே ஒன்று. அவள் அண்ணன் மகள் கல்யாணத்தில் எடுத்தது.

"அவருக்கு ஃபோட்டோன்னா ஆகாது. அன்னிக்கு ஃபோட்டோக்காரன்தான், கையை அவர் தோள்ல போடுங்கக்கான்னு சொன்னான். வெக்கமா இருந்துச்சு. போட்டேன். இருபத்தாறு வருஷத்துல அவர் தோள்ல நான் கை போட்டு எடுத்த படம் அது ஒண்ணுதான் தம்பி."

போனவர் படத்தோடு உயிரோடு இருப்பவளை ஒட்டி வைக்கக் கூடாது, ஆகாது என்று சொந்தக்காரர்கள் சொன்னார்களாம். பேனர் கடைக்காரன் படத்திலிருந்து அவளை வெட்டினான். கையை வெட்டினால் அவர் தோளும் சேர்ந்து போகும், அடக்கத்துக்கு நேரமாகிறது என்று கையை அப்படியே விட்டுவிட்டான். மூன்றாம் நாள் மாநகராட்சிக்காரர்கள் பேனரைக் கிழித்து லாரியில் போட்டார்கள். கடைக்குக் கொடுத்த படம் திரும்பி வரவேயில்லை. அடுத்த மாதம் போய்ப் பார்த்தால் கடையே இல்லை. அண்ணன் வீட்டுக் கல்யாண ஆல்பத்திலும் அந்தப் படம் இல்லை.

"வர்ற மாசம் மூணாம் வருஷப் பூசை. மாட்டி வைக்கலாம்னு ஃப்ரேம்கூட வாங்கிட்டேன்" என்று சுவரைக் காட்டினாள். ஃப்ரேமுக்குள் கடையில் வைத்துக் கொடுத்த ரோஜாப்பூக் காகிதம் இருந்தது. "என்னை வெட்டினது வெட்டினதாவே இருக்கட்டும். அவரும் அந்தக் கையும் போதும்."

ஜெனிஃபர் சொன்னாள்: "நெட்ல தேடினேன் சார். நூறு படம் இருக்கும். எல்லாத்துலயும் வட்டம், மேல ஜோக். எல்லாம் உங்க கிட்டருந்துதான் கெளம்பிருக்கு. அப்போ வட்டம் போடாதது உங்ககிட்ட இருக்கும் இல்ல? அதுக்குத்தான் வரச் சொன்னோம்."

இவர்கள் கணக்குக் கேட்கக் கூப்பிட்டார்கள் என்றல்லவா நீல் நினைத்திருந்தான். என்னிடம் இல்லை, எப்போதோ தொலைந்துவிட்டது என்று சொல்லிவிடலாம். யாருக்குத் தெரியப் போகிறது? நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எதிரே ரோஸி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, இதோ எடுத்துத் தரப்போகிறான் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருந்துச்சு ஆன்ட்டி. இன்னிக்குக் காலையில அழிச்சுட்டேன்."

கீழே தெருவில் காய்கறி வண்டிக்காரர் கன்னடத்திலும் தமிழிலும் மாற்றி மாற்றிக் கூவிக்கொண்டு போனார்.

"அழிச்சுட்டீங்களா?" என்றாள் ஜெனிஃபர். "இன்னிக்கா?"

"உங்க முன்னாடி வர்றதுக்குள்ள எல்லாத்தையும் எடுத்துடணும்னு நெனச்சேன். அதான் நீங்க கேப்பீங்கன்னு..."

ஃபோனை எடுத்துத் தேடினான். தேடினால் கிடைக்காது என்று அவனைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? அதை எடுத்த பழைய ஃபோனையும் போன வருடமே கடையில் கொடுத்துப் புதியது வாங்கிவிட்டான். ஆனாலும் தேடினான். ஜெனிஃபர் எழுந்து உள்ளே போய்விட்டாள். அவள் அழுவது கேட்டது.

ரோஸி அவன் தேடி முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"தம்பி, போடும்போதும் எங்களைக் கேக்கல. அழிக்கும்போதும் கேக்கல" என்றாள்.

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. திட்டினால் வாங்கிக்கொள் என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். இது திட்டும் இல்லை. நீல் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டான். கண்ணீர் வந்தது, துடைத்துக்கொள்ளக் கூச்சமாக இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து ஜெனிஃபர் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். இருக்கிற படங்களில் ஒன்றை எடுக்கலாம் என்று ரோஸிதான் சொன்னாள். மூன்று பேரும் ஒரு ஃபோனைச் சுற்றி உட்கார்ந்து பார்த்தார்கள். ஒவ்வொன்றிலும் என்ன எழுதியிருக்கிறது என்று ரோஸி கேட்டாள். நீல் ஒவ்வொன்றாகத் தமிழில் வாசித்துச் சொன்னான். எதையும் மாற்றிச் சொல்லவில்லை. மேனேஜர் ஜோக்கைக் கேட்டுவிட்டு, "அது நெசம்தான். அவர் லீவு கேட்டா சூப்பர்வைசர் தரவே மாட்டான்" என்றாள்.

கடைசியில் நீல் போட்ட படமே எழுத்தில்லாததாக இருந்தது. ஜெனிஃபர் முன்பே சேமித்து வைத்திருந்தாள். வட்டமும் கேள்விக்குறியும் மட்டும்தான்.

மாலை நாலு மணிக்கு நீலும் ஜெனிஃபரும் சிவாஜிநகரில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போனார்கள். ஸ்டுடியோக்காரர் திரையில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். கேள்விக்குறி வானத்தின் மேல் இருந்ததால் அது ஒரு நொடியில் போய்விட்டது. வட்டத்தின் பக்கத்தில் வந்ததும் கையை நிறுத்தினார்.

"ரெண்டு விரல் மேலயே ஏறியிருக்கு மேடம். எடுத்தா விரலும் போகும். கம்ப்யூட்டர்கிட்ட சொன்னா புதுசா விரல் வரைஞ்சு குடுக்கும், சூப்பரா இருக்கும். ஆனா அது வேற யார் விரலோ."

ஜெனிஃபர் அம்மாவுக்கு ஃபோன் செய்தாள். இரண்டு நிமிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வேணாமாம். வட்டம் இருந்தா இருக்கட்டும், என் கையை எடுக்காதேன்னு சொல்றாங்க."

"சரி, உங்க இஷ்டம்" என்று ஸ்டுடியோக்காரர் அச்சுக்குக் கொடுத்தார். இயந்திரத்திலிருந்து படம் மெதுவாக வெளியே வந்தது. முதலில் புறாக்கள், பிறகு கூச்சமான சிரிப்பு, பிறகு தோள். அவர் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"பூசைக்கு வைக்கிற படம், வர்றவங்க எல்லாம் கேப்பாங்களே மேடம். யார் போட்டது இந்த வட்டம்?"

ஜெனிஃபர் படத்தை வாங்கக் கையை நீட்டினாள்.

"நான்தான் போட்டேன்" என்றான் நீல்.