இருபதுக்குப் பூஜ்யம்

ரேஷன் கடையில் முப்பத்திரண்டு வருஷம் பில் போட்டவள் நான். ஒரு நாளைக்கு இருநூறு பேரிடமாவது கத்தியிருப்பேன். ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் கத்துவதற்குச் சுவர்தான் இருந்தது. கணவர் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. மகன் தேவா ஓசூரில் இருக்கிறான், வாரம் ஒரு தடவை போன் செய்வான். "சாப்டியாம்மா? சரி, வெக்கிறேன்." அவ்வளவுதான் பேச்சு.

அதனால்தான் ஆங்கிலம் படிக்கப் போனேன். விழுப்புரத்தில் படித்தால் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள் என்று, திண்டிவனம் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடி வகுப்பில் சேர்ந்தேன். போக ஒரு மணி, வர ஒரு மணி, பொழுதும் போய்விடும். பத்து நாற்காலி, பத்துப் பேர். டீச்சர் அஸ்வினிக்கு என் மகனைவிட வயது குறைவு. வாயைத் திறந்து பேசுங்கள், பேசுங்கள் என்று அவள் அதட்டும்போதெல்லாம் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

பாடம் துணைவினைகள். கேன், குட், மே, மஸ்ட், ஷுட். கூடப் படித்த பிள்ளைகள் திருதிருவென்று முழித்தார்கள். எனக்கு முதல் நாளே புரிந்துவிட்டது. "சர்க்கரை நாளைக்கு வரலாம்" என்றால் மே. "கார்டு கொண்டாரணும்" என்றால் மஸ்ட். "அதெல்லாம் குடுக்க முடியாது" என்றால் கேனாட். இந்த மூன்றையும் வைத்துத்தானே முப்பத்திரண்டு வருஷம் கடையை ஓட்டினேன்!

மாதக் கடைசியில் தேர்வு. இருபது கோடிட்ட இடங்கள். தேறினால் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். தவறினால் அடுத்த மாதமும் அதே வகுப்பில் உட்காரலாம். நான் இரண்டு தடவை தவறினேன். மூன்றாவது தடவை, எதற்கும் இருக்கட்டும் என்று, ஒன்று விடாமல் தப்பாக எழுதினேன்.

மறுநாள் மற்றவர்கள் வருவதற்கு முன்பே அஸ்வினி விடைத்தாளை என் முன்னால் வைத்தாள்.

"தெரியாம எழுதுனா கூட நாலு சரியா வுழுந்துடும்மா. இருபதும் தப்பாப் போடணும்னா இருபதும் தெரிஞ்சிருக்கணும். ஏம்மா இப்டி பண்ணிக்கினு இருக்கீங்க?"

ஏதாவது பொய் சொல்லலாம் என்று பார்த்தேன். வாய் வரவில்லை.

"வூட்ல பேச ஆளு இல்ல டீச்சர்," என்றேன். "இங்க வந்தாதான் நாலு வார்த்த பேசறேன். தொரத்திடாதீங்க."

அவள் கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவள் வாசல் பக்கம் கையைக் காட்டினாள். படிக்கட்டில் ஒரு பெண் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அவ சித்ரா. நர்சிங் முடிச்சிருக்கா. மெட்ராஸ்ல ஆஸ்பத்திரி வேலைக்கு அடுத்த மாசம் இங்கிலீஷ்ல இன்டர்வியூ. நாற்காலி எப்ப காலியாவும்னு ரெண்டு மாசமா வந்து கேட்டுக்கினு போறா."

சுருக்கென்றது. அரிசி வாங்கிய பிறகும் நகராமல் கதை பேசிக்கொண்டு நிற்கிற பெண்களை எத்தனை தடவை விரட்டியிருக்கிறேன்! "வாங்கியாச்சில்ல? ஜல்தி நகரு, பின்னால ஆளு நிக்கிது." அவர்களுக்கும் வீட்டில் பேச ஆள் இல்லையோ என்னவோ. ஒரு நாளும் நான் கேட்டதில்லை.

"வேற தாளு குடுங்க டீச்சர்," என்றேன்.

பத்து நிமிஷத்தில் எழுதி முடித்தேன். இருபதுக்கு இருபது. அஸ்வினி என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அதற்குள் வந்துவிட்ட பிள்ளைகள் கை தட்டினார்கள். சித்ரா தயங்கித் தயங்கி என் நாற்காலியில் உட்கார்ந்து, "தேங்க்ஸ் ஆன்ட்டி," என்றாள். நன்றாகப் படி என்று சொல்லத்தான் நினைத்தேன். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று பயந்து படியிறங்கிவிட்டேன்.

விழுப்புரம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கண்டக்டர் வந்து, "எங்கம்மா?" என்று கேட்டார்.

"விழுப்புரம், ஒண்ணு," என்றேன்.

அப்போது காலை மணி பதினொன்று. அன்றைக்கு நான் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.