பதிமூன்றரை காட்டிய முள்

ஐமோ ஹியத்தலாவின் கார் குலுக்கலில் தனக்கு விழுந்தபோது ரைலா துள்ளிக் குதிக்காதது ஒன்றுதான் பாக்கி. அந்தச் சரளைக்கல் பந்தயங்களில் ஒரு சட்டம் உண்டு. பந்தயம் முடிந்ததும், ஓடிய கார்களில் எதை வேண்டுமானாலும் யார் வேண்டுமானாலும் விலைக்குக் கேட்கலாம். எல்லாக் காருக்கும் ஒரே விலை. தரமாட்டேன் என்றால் லைசென்ஸ் போய்விடும். பலர் கேட்டால் குலுக்கல். ஓடிய கார் ஓடிய நிலையிலேயே கைமாற வேண்டும், ஒரு திருகாணிகூட மாற்றக் கூடாது. காசைக் கொட்டிக் காரைச் செதுக்கி எவனும் ஜெயித்துவிடக் கூடாது என்று போட்ட சட்டம் அது. அந்தப் பந்தயம் நடக்கிற கைனூ பக்கத்து ஆட்கள் தேவாலயத்தில் கேட்டதை வாசலிலேயே மறந்துவிடுவார்கள், இதை மட்டும் மறக்க மாட்டார்கள்.

ரைலா பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். அன்றைக்கே அவளுடைய பந்தயக் காரை வேறொருவன் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டான். அந்தக் கோடை முழுக்க அவள் ஓட்டுவதற்கு இருந்தது ஐமோவின் கார் ஒன்றுதான். இழுத்துப்போக அவளிடம் வண்டி இல்லை. "நாளைக்கு நானே கொண்டாந்து விடறேன்" என்று ஐமோ எல்லார் காதிலும் விழச் சொன்னான், சொன்னபடி கொண்டுவந்தும் விட்டான்.

கார் வந்ததும் ரைலா செய்த முதல் வேலை கம்ப்ரெஷன் பார்த்தது. பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டையில் மீட்டரின் குழாயைத் திருகி, சாவியைத் திருப்பினால் முள் ஏறும். எஞ்சினின் மூச்சு எவ்வளவு என்று காட்டிவிடும். அவளிடம் இருந்தது சூப்பர்மார்க்கெட்டில் பூனைத் தீனிக்குப் பக்கத்துத் தட்டில் விற்கிற மலிவு மீட்டர். முதல் தடவையே முள் நிற்காமல் நழுவியது. குழாயின் நுனியிலிருந்த குட்டி வால்வு ஒழுகுகிறது என்று கண்டுபிடித்து, அதைக் கழற்றி ஒரு ஜாம் மூடியில் போட்டாள். பார்வைக்கு அது டயர் வால்வு மாதிரியே இருந்தது. டயர் வால்வுக்கா அவள் வீட்டில் பஞ்சம்? ஒரு டப்பா நிறைய இருந்தது. அதிலிருந்து ஒன்றை எடுத்துத் திருகினாள். நழுவல் நின்றது. பிறகு அளந்தாள்.

ஏழு. ஏழு. ஆறரை. ஏழு.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏழு பார் அழுத்தத்தில் புல்வெட்டும் இயந்திரம்கூட ஓடாது. சனிக்கிழமை எல்லாரையும் பின்னால் தள்ளிவிட்டு ஓடிய கார் இது. அது எப்படி ஒரே நாளில் செத்துப்போகும்? ஒரு ராத்திரி முழுக்க அவன் கொட்டகையில் அல்லவா நின்றது!

அடுத்த பயிற்சி நாளில் ரைலா நேராகப் பந்தயத் திடலின் காபிக் கடைக்குப் போனாள். அதை நடத்துகிறவள் அவளுடைய தங்கை காய்சு. ஐமோ கையில் சாசேஜும் காபியுமாக நின்றிருந்தான். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள் ரைலா.

"நல்ல எஞ்சினைக் கழட்டி வச்சுக்கிட்டு, செத்ததைக் கொண்டாந்து என் தலையில கட்டிட்டே இல்ல? உன்னைப் போய் யோக்கியன்னு நெனச்சேன் பாரு."

ஐமோவின் முகத்தில் ஈயாடவில்லை. ஒரு மறுப்பு இல்லை, ஒரு கோபம் இல்லை. காபியை அப்படியே வைத்துவிட்டுப் போனான். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்று ரைலா அங்கேயே புகார் எழுதித் தலைமைப் பரிசோதகர் ஸெப்போவிடம் கொடுத்துவிட்டாள். அடுத்த சனிக்கிழமை, பந்தயத்துக்கு முன், எல்லார் முன்னிலையிலும் எஞ்சினை அளப்பது என்று முடிவாயிற்று. குற்றம் உறுதியானால் ஐமோ இரண்டு வருஷம் ஓட்ட முடியாது. மனைவி போன பிறகு அந்த மனிதனுக்கு இருந்தது இந்தப் பந்தயம் ஒன்றுதான் என்பது ஊருக்கே தெரியும். ரைலாவுக்கும் தெரியும்தான். கோபத்தில் இருக்கிறவளுக்கு அதெல்லாம் உறைக்குமா?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் காய்சு தன் பழைய பெட்ரோல் வேனோடு வந்தாள். அக்காவின் மீட்டரைப் பார்த்துவிட்டு, "இவ்ளோ பெரிய டாக்டரம்மா ஆயிட்டே, என் வேனுக்கும் நாடி பிடிச்சுப் பாரேன்" என்று சீண்டினாள். ரைலாவும் வீம்புக்குப் பார்த்தாள். ஆறரை காட்டியது.

"அப்போ என் வேனும் செத்துப்போச்சா? ரெண்டு பீப்பாய் தண்ணியோட மேடு ஏறி வந்துச்சேக்கா இப்போ?"

ரைலா ஓடிப்போய் ஜாம் மூடியிலிருந்த பழைய வால்வை எடுத்தாள். விரலால் அழுத்திப் பார்த்தாள், பூப்போல அமுங்கியது. டயர் வால்வை அழுத்தினாள், நகம் வலித்தது. இவ்வளவு விறைப்பான ஸ்பிரிங்கைத் தள்ளித் திறந்து காற்று உள்ளே போவதற்குள் அழுத்தத்தில் பாதி அங்கேயே தீர்ந்துபோகும். பிறகு முள் எங்கிருந்து ஏறும்? பழைய வால்வில் ஒரு மண் துகள்தான் ஒட்டிக்கொண்டிருந்தது. பெட்ரோலில் அலசித் திரும்ப மாட்டினாள். வேன் பன்னிரண்டு காட்டியது.

இந்தத் தடவை எதையும் விடவில்லை. பந்தயக் காரை ஓடவிட்டுச் சூடாக்கினாள். போன தடவை குளிர்ந்த எஞ்சினில், ஒவ்வொரு பிளக்காகக் கழற்றி, பெடலை மிதிக்காமலே அளந்திருந்தாள்; இப்போது நினைத்தால் வெட்கக்கேடு. நாலு பிளக்கையும் ஒன்றாகக் கழற்றினாள். பெட்ரோலையும் கரண்டையும் துண்டித்தாள். வேனின் பேட்டரியோடு கம்பி இழுத்து இணைத்தாள். காய்சுவை உள்ளே உட்காரவைத்துப் பெடலைத் தரையோடு மிதிக்கச் சொன்னாள். முள் இனி ஏறாது என்கிற வரை சுற்றவிட்டு, ஒவ்வொரு சிலிண்டரையும் இரண்டு தடவை பார்த்தாள்.

நாலும் பதிமூன்றரை.

"நல்லதுதானே? ஏன் இப்படி வெளுத்துப்போயிட்டே?" என்றாள் காய்சு.

ரைலாவுக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. வசந்தகாலத்தில் ஐமோ தன் எஞ்சின் பத்தரைதான் தேறும் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருந்தான். பத்தரை எஞ்சின் தானாகப் பதிமூன்றரைக்கு ஏறாது. அப்படியானால் இது அந்த எஞ்சினே இல்லை. அவன் மாற்றித்தான் இருக்கிறான். கெட்டதை எடுத்துவிட்டு நல்லதைப் போட்டிருக்கிறான். திருகாணி மாற்றினாலே குற்றம், நாளைக்கு முள் அவனைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அப்போதே அவன் கொட்டகைக்குப் போனாள். பழைய எஞ்சின் மேஜைமேல் பிரித்துக் கிடந்தது. ஐமோ எதையும் மறைக்கவில்லை. பந்தயத்தின் கடைசிச் சுற்றிலேயே அடியில் தட்டுகிற சத்தம் கேட்டதாம். வீட்டுக்கு வந்து எண்ணெயை வடித்தால் பேரிங்கின் தகடு துணுக்குத் துணுக்காக வந்ததாம். குளிர்காலம் முழுக்கத் தனக்காகக் கட்டிவைத்திருந்த எஞ்சினைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டானாம்.

"வித்தது வித்ததுதான், நீ வந்து கேக்க முடியாதுதான். ஆனா அந்த எஞ்சின் வளைவுல இறுகி நின்னிருந்தா நீ உருண்டிருப்பே" என்றான்.

ரைலாவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. எழுதிக் கொடுத்த புகாரை இனி விழுங்க முடியாது. ஆனால் ஒரு வழி தோன்றியது. நான் தப்பாக அளந்தேன் என்று எல்லார் முன்னாலும் சொல்கிறேன், அது சத்தியம்தானே. நீயும் வசந்தத்தில் தப்பாக அளந்தேன் என்று சொல்லிவிடு, முடிந்தது என்றாள். ஐமோ சரியென்று தலையை ஆட்டினான்.

சனிக்கிழமை ஸெப்போ தன் சொந்த மீட்டரால் அளந்தார். பதிமூன்றரை. ரைலா முன்னால் வந்து, தான் டயர் வால்வைப் போட்டு அளந்த லட்சணத்தைச் சொன்னாள். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பஸ்ஸில் பிள்ளைகளையாவது சரியாக எண்ணுவாயா என்று ஒருவன் கேட்டான். அதையும் தாங்கிக்கொண்டாள். பின்னாலிருந்து இன்னொருவன், தப்பாவது ஒன்றாவது, காரைத் திருப்பிக் கொடுத்துக் காசை வாங்கத்தான் வேண்டுமென்றே பொய் சொன்னாள் என்றான். சிலர் ஆமாம் போட்டார்கள். காய்சு கரண்டியோடு பாய்ந்தாள். ரைலா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

ஸெப்போ புகாரை மடித்தார். ஒரு கேள்வியைக் கேட்டுத்தான் ஆகவேண்டும், அது வழக்கம்.

"ஐமோ, அன்னிக்கு ஓடின எஞ்சின்தானே இது?"

ஆமாம் என்று தலையை ஆட்டி, வசந்தத்தில் தப்பாக அளந்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஐமோ ஆட்டவில்லை. பொய் சொன்னாள் என்றவன் நின்ற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இல்ல. நான் மாத்தினேன். அவ சொன்னது பொய் இல்ல."

சிரித்த வாயெல்லாம் அப்படியே நின்றன. ஸெப்போ சற்று நேரம் தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார். பிறகு தாழ்ந்த குரலில் தீர்ப்பைச் சொன்னார்: நல்லதைப் போட்டாலும் மாற்றம் மாற்றம்தான். இரண்டு வருஷம் லைசென்ஸ் இல்லை. போட்ட எஞ்சினைக் கழற்றி அவனே எடுத்துக்கொள்ள வேண்டும், விற்ற எஞ்சின் காருக்குத் திரும்ப வேண்டும்.

பந்தயத்துக்குக் கொடி அசைந்தபோது ரைலாவும் ஐமோவும் கைமுழுக்க எண்ணெயோடு அந்த எஞ்சினைச் சங்கிலியில் தூக்கிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வளைவில் கார்கள் உறுமிக்கொண்டு போயின. ஐமோ அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"பேசாம ஆமான்னு சொல்லித் தொலைச்சிருக்கலாமேய்யா" என்றாள் ரைலா. "சரி, இதையாவது பத்திரமா வீட்டுக்குக் கொண்டு போ."

ஐமோ எஞ்சினை மெதுவாகத் தன் வண்டியில் இறக்கினான்.

"கொண்டு போய்?" என்று கேட்டான்.