தாமான் கெனாங்காவின் நிழல்

1974 மார்ச்சில் மேரு சாலையோரம், தாமான் கெனாங்கா குடியிருப்பில் நின்ற தூங்குமூஞ்சி மரத்தை வெட்டினார்கள். அதன் நிழல் மட்டும் போகவில்லை. கட்டைகளை லோரி ஏற்றிக்கொண்டு போன பிறகும், காலையில் மேற்கே நீண்டு, உச்சியில் சுருங்கி, மாலையில் கிழக்கே சாய்ந்து, ஒரு இலைகூடக் குறையாமல் அங்கேயே கிடந்தது. முதல் வாரம் பண்டமாரானிலிருந்தெல்லாம் பஸ் பிடித்து வந்து பார்த்தார்கள். இரண்டாம் வாரம் காத்தூன் பீவி நிழலுக்குள் மேசை போட்டு மீ கோரேங் நூடுல்ஸ் பிரட்டி விற்கத் தொடங்கினாள். நிழல் நகர நகர மேசையையும் நகர்த்த வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு குறையில்லை. பிறகு பெஞ்சுகள் வந்தன, ஜெயராஜ் வாத்தியாரின் இலவச டியூஷன் வந்தது, வாரம் ஒரு நாள் கிளினிக் தாதி வந்து கிழவர்களுக்கு ரத்த அழுத்தம் பார்த்தாள்.

தெருநாய்க்கும் இடம் கொடுத்த அந்த நிழல் சண்முகரத்தினத்துக்கு மட்டும் கொடுக்கவில்லை. அவர் காலை வைத்தால் ஒரு முழம் பின்வாங்கும். நகராண்மைக் கழகத்தில் கோப்பு எழுதும் தலைமைக் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். 'மரம் உள்ளே பொத்தல், விழும் அபாயம்' என்று கோப்பில் எழுதிக் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். மரத்தை நேரில் போய்ப் பார்க்கவில்லை. அன்றைக்கு வெயில் அதிகம். வெட்டியபோது அடிமரம் இரும்பாக இருந்தது என்று பிறகு கேள்விப்பட்டார். நிழல் தன்னைவிட்டு விலகுவது யார் கண்ணிலும் படக்கூடாதென்று தினமும் எட்டவே நாற்காலி போட்டு, கறுப்புக் குடைக்குள் உட்கார்ந்திருப்பார். யாழ்ப்பாணத்துக்காரர், நம்மோடு ஒட்டமாட்டார் என்று ஊர் நினைத்துக்கொண்டது.

1986இல் அந்த இடத்தைக் கார் நிறுத்துமிடமாக்கப் போவதாகப் பேச்சு அடிபட்டது. அதே மாதம் சிறந்த சமூகத் திட்டத்துக்கு விருது என்று கழகம் அறிவித்தது. விருது வாங்கிய இடத்தில் கை வைக்கமாட்டார்கள் என்பதால் எல்லோரும் விண்ணப்பப் பாரத்தைச் சண்முகரத்தினத்திடம் கொண்டுவந்தார்கள். 'கூரை வகை: நிழல். கட்டுமானம்: இல்லை' என்று மளமளவென்று நிரப்பியவர், 'திட்டம் எவ்வாறு தொடங்கியது?' என்ற ஏழாவது கேள்வியில் நின்றுவிட்டார். உண்மையை எழுதினால் கழகத்துக்கு மூக்கு அறுபடும், விருது போகும், இடமும் போகும். எழுதாவிட்டால் அதே மரத்துக்கு இரண்டாவது பொய்.

மூன்றாம் நாள் பீவி வந்து நின்றாள்.

"என்னா கிராணி ஐயா, ஒரு பாரத்துக்கு இவ்ளோ நாளா? சும்மா வந்துச்சுன்னு எழுதிடுங்க லா."

"சும்மா வரேல்லை, பீவி. மரம் பொத்தல் எண்டு எழுதினது நான். போய்ப் பாக்கேல்லை."

பீவிக்கு முகம் சுண்டிப்போனது. "அந்த மரத்துலதான் என் மவனுக்கு ஊஞ்சல் கட்டியிருந்தேன்" என்றாள். பிறகு, "எழுதுங்க. பொய் சொல்லி வாங்குன எடத்துல எனக்கு மீ பெரட்ட வராது" என்று போய்விட்டாள்.

அவர் கோப்பு எண்ணோடு எழுதிக் கொடுத்தார். மூன்று அதிகாரிகள் அளவு நாடாவோடு வந்து, காலையும் மாலையும் நிழலை அளந்தார்கள். ஏழாவது பதிலை இரண்டு முறை படித்துவிட்டுக் கோப்பில் சேர்த்தார்கள். கூரை இல்லாததால் முதல் பரிசு கொடுக்க விதியில்லை. இரண்டாம் பரிசு கிடைத்தது. கார் நிறுத்துமிடம் சாலைக்கு அந்தப் பக்கம் போயிற்று. பரிசாக ஒரு சான்றிதழும் ஒரு தூங்குமூஞ்சிக் கன்றும் தந்தார்கள். நிழலில் கன்று வளராது என்பதால் வெயிலில் தள்ளி நட்டார்கள்.

நட்ட அன்று மாலை நாலு மணிக்கு, வழக்கம்போலக் கிழக்கே சாய்ந்த நிழல் வழக்கமான இடத்தில் நிற்கவில்லை. சண்முகரத்தினத்தின் செருப்பில் ஏறியது, வேட்டியில் ஏறியது, குடைக்கு மேலேயும் இலை இலையாக விழுந்தது. பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு அவர் முழங்கால் குளிர்ந்தது. அவருக்கு அழுகை வந்துவிட்டது. காத்தூன் பீவி மேசையை அவர் பக்கத்தில் நகர்த்திப் போட்டாள்.

"கொடைய மடக்குங்க ஐயா, வர்றவங்க கண்ணுல குத்துது."

அவர் மடக்கினார்.